ஆளுக்கு ஒரு வில்லை

1979 டிசம்பர் 8, சனிக்கிழமை, மாலை மணி நாலேகால். சம்பள மேசைக்கு முன்னால் நாற்பத்திரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருத்திக்குப் பதிலாகக்கூட ஓர் ஆண் நிற்கவில்லை. வீட்டு ஆண்கள் எல்லோரும் எதிரே சில்வர் ஓக் மரத்தடியில் கைக்குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மகனே, அந்தக் குழந்தைகளில் ஒன்று நீ. உன்னைத் தூக்கியிருந்தவர் உன் அம்மாவின் அப்பா. சம்பள நாளுக்கென்று பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த அவருடைய கம்பளிக் கோட்டை, வரிசை பாதி நகர்ந்திருந்தபோது நீ நனைத்துவிட்டாய். அவர் முகத்தைச் சுளித்தார்; ஆனால் உன்னை யாரிடமும் கொடுக்கவில்லை. அதையும் இன்றைய வெற்றிகளில் ஒன்றாகவே நான் வைத்துக்கொள்கிறேன்.

நீ இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை. வளர்ந்து ஆளான பிறகு படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் முதலில் இதை தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் படிப்பகச் சுவரில் ஒட்டப் போகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் கோயமுத்தூரில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்குக் கீழே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஃபேக்டரிக்கு மெக்கானிக்காக வந்தவன். உன் அம்மா பாக்கியம் இலங்கைத் தோட்டமொன்றில் பிறந்து, கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு ஏறியவள், கொழுந்து பறிக்கிறாள். நீ ஒருநாள் கூலி வாங்குவாய், அல்லது கொடுப்பாய். எதுவானாலும் உன்னிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் ஏழ்மை குறையுமா, ஏற்றத்தாழ்வு குறையுமா? படித்தவர்கள் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். நானும் ஒன்று வைத்திருந்தேன். அது உடைந்த கதையை, உடைந்ததில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தோடு, உனக்குச் சொல்கிறேன்.

என் பழைய பதில் இது: குறையாது. ஓட்டைக் குழாயில் நீராவியின் அழுத்தத்தைக் கூட்டினால் கூடுதலாகப் போவது ஓட்டை வழியாகத்தான். அரசாங்கம் கூலியை ஏற்றும். தோட்டம் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய எடையை ஏற்றும், இல்லாவிட்டால் ஆளைக் குறைக்கும். தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்பான். இதை டீக்கடையில் சொன்னேன், சங்கக் கூட்டத்தில் சொன்னேன், எங்கள் கல்யாணத்தன்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொன்னேன். முழுக்கத் தப்பும் இல்லை. ஆனால் குழாயின் ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டு முழுக் குழாயையும் பார்த்ததாக நினைத்துக்கொண்டேன். தோட்ட மேலாளரான துரையின் ஆபீஸ் பக்கமே ஓட்டையைத் தேடினேன். லயத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தப் பக்கம் இருந்த பெரிய ஓட்டையைச் செய்ததே நான்தான்.

நான் வேலைக்கு வந்த புதிதில் சம்பள நாள் என்றால் இருட்டும்வரை இழுக்கும். பேர் கூப்பிட்டு, ஆள் வந்து, ஒரே பேரில் மூன்று பேர் வந்து, சண்டை. எனக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வரும். அக்கரையிலிருந்து, அதாவது இலங்கையிலிருந்து, வந்த குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் எத்தனை பெண்கள் பறித்தாலும் சம்பளத்தை அப்பாவோ கணவனோதான் போய் வாங்குவார். சரி, இருக்கிற வழக்கத்தையே ஒழுங்காக்குவோம் என்று, ஃபேக்டரியில் மிஞ்சிக் கிடந்த பித்தளைத் தகட்டில் வட்ட வில்லைகள் வெட்டினேன். வீட்டுக்கு ஒரு வில்லை, அதில் வீட்டு எண். வில்லையைக் கொண்டுவருபவரிடம் அந்த வீட்டின் சம்பளம் முழுவதும். சூரியன் சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. கிளார்க் என் தோளில் தட்டினார். "ஏனுங்க மெக்கானிக், நீங்க முன்னாலயே வந்திருந்தா நான் எத்தனை நாள் வெளிச்சத்துல ஊடு போயிருப்பேன்!" எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு உன் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் சம்பளம் அவள் அப்பா வீட்டு வில்லையில்தான் போனது. நான் கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். என்னுடையதே அல்லாத ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டுப் பெருமைப்பட்டவன் உன் அப்பா.

உன் தாத்தாவைத் தப்பாக நினைக்காதே. சாராயக் கடைப் பக்கம் போகாத மனிதர். இதற்கு முன்னால் ஒருமுறை கூலி உயர்ந்தபோது அவர் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கினார். சாயங்காலமானால் அதைச் சன்னலில் வைத்து, அக்கரையிலிருந்து வரும் குரல் கேட்கும்வரை முள்ளைத் திருப்பிக்கொண்டிருப்பார். பிறந்த மலையைத் திரும்பப் பார்க்க வழியில்லாதவருக்கு அந்தக் குரல் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த உயர்வு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் போனது. அடுப்பில் வேகிறது மாறவில்லை. உன் அம்மாவின் காலுக்குச் செருப்பு வரவில்லை; அட்டை கடித்த காலோடுதான் மழையில் போய்வந்தாள். அடுத்த வீட்டில் அந்த உயர்வு ஒரு கைக்கடிகாரம் ஆனது. அதற்கடுத்த வீட்டில் கோயில் கொடையாகி, கல்வெட்டில் வீட்டுக்காரர் பெயராக இருக்கிறது. நான் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "பார்த்தீர்களா, கூலி உயர்வால் எதுவும் மாறாது" என்று என் கட்சிக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் ஆடியில் மறுபடியும் உயர்வு வந்தது. நீ பிறந்து, உன்னைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு உன் அம்மா வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் துரை வந்து நின்றார். புதுக் கூலி கொடுக்கப்படும் என்றார். அதே மூச்சில், தோட்டத்துக்கு இது கட்டுப்படியாகாது, வருடக் கடைசியில் தற்காலிக ஆட்களை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். தற்காலிகப் பட்டியலில் இருந்தவர்கள் ஆறு பெண்கள், ஆறு பேருமே கடைசியாக வந்த சிலோன் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதில் உன் அம்மாவும் ஒருத்தி. எனக்குப் பயம் வந்தது. அதோடு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் சொன்னது நடந்ததில் ஒரு திருப்தியும் இருந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லியும் தொலைத்தேன். "நான்தான் அப்பவே சொன்னேனே."

உன் அம்மா உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஆமா, சொன்னீங்க. சொல்லிப்புட்டு என்னா பண்ணுனீங்க?" என்றாள். நான் விளக்க ஆரம்பித்தேன். உற்பத்திச் செலவு, ஏல விலை, ஆள் வராத நாட்கள். சம்பள நாளுக்கு அடுத்த இரண்டு நாளும் பறிக்கப் பாதிப்பேர்தான் வருகிறார்கள், கொழுந்து முற்றிவிடுகிறது, முற்றின இலை கொழுந்தைக் கசக்கும் என் உருளைகளில் நாராகத் தொங்குகிறது, அந்தத் தூளின் விலை ஏலத்தில் விழுகிறது, பெண்கள் சோம்பேறித்தனம் பண்ணினால் துரை என்னதான் செய்வார் என்றேன். சோம்பேறித்தனம் என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் உன்னைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சிரித்தாள். "அடுத்தவுங்க பையில போற காசுக்கு எவ மழையில நனைவா? நீங்க நனைவீங்களா?" அவளோடு பேசி ஜெயிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள். கொழுந்து வந்ததும் மேல்மாடியில் பரப்பி வாட்டுவோம், பிறகுதான் உருளைக்குப் போகும். பரப்புகிற ஆள் கத்தினான். "சார், இங்க வாங்க, கொழுந்துல காசு கெடக்குது!" போய்ப் பார்த்தேன். காசு இல்லை. நான் வெட்டிய பித்தளை வில்லை. இரண்டடி தள்ளி இன்னொன்று. அந்தப் பக்கம் இன்னொன்று. பச்சைக் கொழுந்துக்கு நடுவில் மஞ்சளாக மின்னிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒவ்வொரு பரப்பாகக் கையால் துழாவினோம். லயத்தில் பெண்கள் பறிக்கிற எல்லா வீட்டு வில்லையும் அன்று கூடையில் ஏறி, எடை போட்டு, ஃபேக்டரிக்கு வந்திருந்தது. ஒன்று தப்பி உருளைக்குள் போயிருந்தால் பல் எகிறியிருக்கும்.

வில்லைகளைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக எடை போடும் கொட்டகைக்கு ஓடினேன். பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள், நான் வருவேன் என்று தெரிந்தவர்கள் மாதிரி. "யாரு வேலை இது? மெஷின் பல்லு ஒடைஞ்சிருந்தா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

"ஒடையலல்ல?" என்றாள் உன் அம்மா. "நீங்க பொறுக்கிருவீங்கன்னு தெரியும். அரிசியில கல்லு பொறுக்கத் தெரியாட்டியும் இது தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "சாமி படத்துக்குக் கீழ ஆணியில தொங்குச்சு சார். நாங்க தெனமும் அதத்தான் கும்புட்டோம், அது எங்களப் பாக்கவே இல்ல. நீங்களே வச்சுக்கங்க" என்றாள்.

"இது இல்லாம சம்பளம் எப்படிம்மா போடறது?"

"ஆளுக்கு ஒண்ணு அடிச்சுக் குடுங்க," என்றாள் பாக்கியம். இந்த முறை சிரிக்கவில்லை. "எங்கள நிறுத்தப் போறாங்க. நிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவையாவது நான் பறிச்ச கூலி என் கையில எப்படி இருக்குன்னு பாத்துட்டு நிக்கிறேன்."

நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்குத் திரும்பி நடந்தேன். போகிற வழியில்தான் அவள் ஆடியில் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வந்தது. நனைய மாட்டேன். ஒரு நாள்கூட நனைய மாட்டேன். சம்பளத்தோடு வீட்டுக்காரர் குன்னூருக்குப் போய்த் திரும்புகிறவரை, அடுப்புக்கு என்ன மிஞ்சும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த பெண்களைத்தான் நான் சோம்பேறிகள் என்றேன். ஆள் வராததற்குக் காரணம் மழை அல்ல, சோம்பல் அல்ல. நான் வெட்டிய வட்டத் தகடு. குழாயின் மறுமுனை அப்போதுதான் என் கண்ணில் பட்டது. கண்ணில் பட்ட ஓட்டையை அடைக்காமல் விட்டுப் பழக்கமில்லை எனக்கு. அன்று மாலையே தகட்டை எடுத்தேன்.

கிளார்க் தலையில் கை வைத்தார். "ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா? இத்தனை பேரு வரிசையில நின்னா நான் எப்பங்க ஊடு போய்ச் சேர்றது?" ஆண்கள் ஒருநாள் பெண்கள் ஒருநாள் என்று போட்டால் வெளிச்சத்திலேயே போகலாம் என்று சொல்லி அவரைத் துரையிடம் இழுத்துக்கொண்டு போனேன். துரையிடம் நியாயம் பேசவில்லை. நியாயம் அவருக்கும் தெரியும். அவருக்குத் தூளைக் காட்டினேன்: சம்பள நாளுக்கு முந்தைய நாள் தூள் ஒரு தட்டில், இரண்டு நாள் கழித்து வந்த தூள் இன்னொரு தட்டில். "ஆளைக் குறைத்தால் இந்த இரண்டாம் தட்டு மாதம் முழுக்க வரும் சார். இரண்டு மாதம் கொடுங்கள். ஆளுக்கு ஒரு வில்லை. நாள் தவறாமல் கொழுந்து வராவிட்டால் தற்காலிக ஆட்களோடு என்னையும் சேர்த்து நிறுத்துங்கள்" என்றேன். அவர் இரண்டாம் தட்டில் ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "நீங்கள் ரொம்ப அவசரக்காரர்" என்றார். பிறகு, "இரண்டு மாதம்" என்றார்.

துரையைவிடக் கஷ்டமானவர் உன் தாத்தா. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், தேநீரைத் தொடவில்லை. "மாப்பிள்ள, அங்கிட்டு எங்கப்பா வாங்குனாரு. இங்கிட்டு நான் வாங்குனேன். பொம்பள கைய நீட்டிக் கூலி வாங்குனா வூட்டு ஆம்பளைக்கு என்னாய்யா மரியாத?"

"கைய நீட்டிக் கொழுந்து பறிக்கலாம், கைய நீட்டிக் கூலி வாங்கக் கூடாதாக்கும்?" என்றாள் உன் அம்மா உள்ளேயிருந்து.

"நீங்கள்லாம் வரிசையில நின்னா புள்ளைகள யாரு பாக்குறது?"

அவள் வெளியே வந்து, உன்னைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் பதில். நீ அவருடைய மீசையைப் பிடித்து இழுத்தாய். அவர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை என் மெஷின்தான் முதலில் சொன்னது. ஐப்பசிச் சம்பளத்துக்கு மறுநாள் வழக்கம்போல் அரைச் சுமைதான் வரும் என்று இரண்டு உருளைகளை மட்டும் தயார் செய்திருந்தேன். லாரி வந்தபோது ஓட்டுநர் ஹாரனை விடவே இல்லை. கொழுந்து தளும்பியது. மழை கொட்டிக்கொண்டிருந்தது, பெண்கள் கம்பளியைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு மலையில் நின்றார்கள். ஒருத்திகூடக் கூடையை இறக்கவில்லை. மற்ற உருளைகளை அவசரமாக ஓட்டவேண்டி வந்தது. கையில் சுட்டுக்கொண்டேன், உரக்கச் சிரித்துக்கொண்டே சுட்டுக்கொண்டேன். கார்த்திகை பிறந்தும் வரத்து குறையவில்லை. இலை முற்றவில்லை, தூளில் நார் இல்லை, துரை நசுக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் குடித்துப் பார்க்க ஆரம்பித்தார். லயத்திலும் மாறியது. பிள்ளைக் காம்பராவுக்கு வரும் குழந்தைகளின் கழுத்தில் புதுக் குல்லாக்களின் கயிறு தெரிந்தது. ஆயா, "இந்த மாசம் புள்ளைக ரொம்ப ஒதைக்குதுக" என்று புகார் சொன்னாள். உன் அம்மா காலுக்கு ரப்பர் செருப்பு வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் தேவையில்லாமல் இரண்டு முறை நடந்தாள்.

இன்று சம்பள மேசையில் துரையே வந்து உட்கார்ந்திருந்தார். தற்காலிக ஆட்கள் ஆறு பேரும் நிற்கத் தேவையில்லை, தைமாதம் முதல் ஆறு பேரும் பர்மனென்ட் என்றார். வரிசையிலிருந்து எழுந்த குலவைச் சத்தத்தில் மரத்தடியில் இருந்த குழந்தைகள் அத்தனையும் ஒன்றாக அழுதன. உன் அம்மாவின் முறை வந்தது. தன் வில்லையை மேசையில் சத்தம் வரும்படி வைத்தாள், கூலியை வாங்கினாள், அங்கேயே ஓரமாக நின்று முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் அவசரமாகப் போய், "என்ன வாங்கப் போறே?" என்று கேட்டேன்.

"இன்னும் யோசிக்கல," என்றாள். "யோசிக்கிறதுக்குத்தானே வாங்குனேன்."

ஆகவே மகனே, கேள்விக்கு என் புதிய பதில். கூலியை உயர்த்தினால் ஏழ்மை குறையும். ஆனால் சட்டம் உயர்த்துகிற கூலி, வேலை செய்த கை வரைக்கும் வந்து சேர வேண்டும். நடுவில் நிற்கிற எவரும், அப்பா ஆனாலும், கணவன் ஆனாலும், அதை வாங்கக் கூடாது. ஆளைக் குறைப்பார்கள் என்று பயமுறுத்துவார்கள். சில இடத்தில் குறைக்கவும் செய்வார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் இதே உயர்வுக்குத் தற்காலிக ஆட்களை நிறுத்திவிட்டார்கள், அதை நான் மறைக்கப் போவதில்லை. அங்கே சம்பளம் இன்னும் வீட்டுக்காரர் கையில்தான் போகிறது. அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, ஆனால் சந்தேகம் பலமாக இருக்கிறது. ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கேட்டால் இரண்டாகப் பிரித்துச் சொல்வேன். துரையின் பங்களாவுக்கும் லயத்துக்கும் உள்ள தூரம் ஓரடிகூடக் குறையவில்லை. லயத்து அறைக்குள் ஒரு பாயில் படுப்பவளுக்கும் மறுபாயில் படுப்பவனுக்கும் இருந்த தூரம் குறைந்திருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். முதல் தூரத்துக்குச் சங்கம் வேண்டும், சண்டை வேண்டும், இன்னும் நிறைய வருடம் வேண்டும். இரண்டாவதுக்குத் துண்டுப் பித்தளை போதும். நீ ஆண்பிள்ளையாகப் பிறந்துவிட்டாய். யாரும் கேட்காமலேயே உன் கையில் ஒரு வில்லை வந்து விழும். அது யாருடையது என்று பார்.

இனி நான் செய்யப் போவது:

1. திங்கட்கிழமை ஓடையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத் தோட்டத்து மெக்கானிக்கிடம் என் வில்லை வெட்டும் அச்சைக் கொடுப்பேன். வாங்க மாட்டேன் என்றால் அவன் மனைவியிடம் கொடுப்பேன்.

2. மழையில் நனைந்த கொழுந்துக்கு எடையில் கழிக்கிறார்களே, அதைக் கையில் எடுப்பேன். தராசைக் கழற்றிச் சுத்தம் செய்வது என் வேலை; கழிவு எவ்வளவு நியாயம் என்று சோதித்துத் துரையின் மேசையில் வைப்பேன்.

3. கொழுந்தில் பொறுக்கிய பழைய வில்லைகளை உருக்கிப் பிள்ளைக் காம்பராவின் ஒழுகும் தண்ணீர்க் குழாய்க்கு மூடி வார்ப்பேன்.

4. உன் தாத்தாவின் ரேடியோ பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. என் சம்பளத்தில் வாங்கிக் கொடுப்பேன். பாக்கியத்திடம் கேட்கக் கூடாது என்று அவரிடம் இன்றே சொல்லியாகிவிட்டது. சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

5. அடுத்த சம்பள நாளில் உன் தாத்தாவிடமிருந்து உன்னை வாங்கிக்கொண்டு மரத்தடியில் நானே நிற்பேன். என் சட்டையையும் நனைத்துக்கொள்.